குலுக்கினால் சத்தம் வரக்கூடாது

மனைவியின் பொத்தான் டப்பாவைக் காதருகே கொண்டுபோய் ஒரு குலுக்கு குலுக்குகிறார். கலகலவென்று சத்தம் வருகிறது. முகத்தைச் சுளிக்கிறார். டப்பாவைத் திறந்து, கொஞ்சம் பஞ்சைப் பிய்த்து இடுக்குகளில் திணித்து, மூடி, மறுபடி குலுக்குகிறார். சத்தமில்லை. டப்பாவை மேசையில் வைத்துவிட்டு, அன்றைய முதல் வேலை முடிந்துவிட்ட நிம்மதியோடு துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொள்கிறார்.

தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவி நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. ஒரே ஒரு பொத்தான் வேண்டுமென்றாலும் அந்த அம்மாள்தான் பஞ்சையெல்லாம் பிடுங்கிப் போடவேண்டும். சாயங்காலம் இவர் திரும்பவும் அடைப்பார். இந்த வழக்கு மூன்று வருடமாக நடக்கிறது. தீர்ப்புதான் வந்தபாடில்லை.

பார்சல் ஆபீசில் முப்பத்தொரு வருடம் சரக்கு கட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மூட்டையோ பெட்டியோ பொட்டலமோ, கட்டி முடித்த எதற்கும் அங்கே சிப்பம் என்றுதான் பெயர். கட்டுகிறவருக்கும் அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. லாரி டிரைவர்களுக்கு அவர் 'சிப்பம் அண்ணே', மேனேஜருக்கு வெறும் சிப்பம். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும்.

குள்ளமான ஆள். இரண்டு ஆள்காட்டி விரல்களின் உட்பக்கத்திலும் சணல் அறுத்து அறுத்து ஒரு கோடு பள்ளமாகவே விழுந்துவிட்டது. சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைத்திருக்கும் இடத்தில் இவர் ஒரு கோணி ஊசியும், விரலில் சுற்றி எடுத்த சணல் சுருள் ஒன்றும் வைத்திருக்கிறார். ஓய்வு பெற்ற பிறகு எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டும், கையைக் கடிக்குதா என்ன?" என்பார். கையைக் கடிப்பதில்லை, துவைக்கும்போது மனைவியின் கையைக் குத்துகிறது. அது வேறு விஷயம்.

கடைக்குப் போனால் கடைக்காரர் போட்டுக்கொடுத்த பையை அங்கேயே கவிழ்த்து, கனமானதை அடியில் வைத்துத் திரும்ப அடுக்குவார். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பது காதில் விழாது. பஸ்ஸில் யாராவது பெட்டியைத் தாறுமாறாகக் கட்டிக்கொண்டு ஏறினால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. இரண்டு நிறுத்தம் பொறுத்துப் பார்ப்பார். மூன்றாவதில் எழுந்து போய், "கொஞ்சம் குடுங்க" என்று வாங்கிப் பிரித்துக் கட்டிக் கொடுத்துவிடுவார். தான் இறங்கவேண்டிய இடம் எப்போதோ போயிருக்கும்.

தொழிலுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒரே வரி. "கனம் அடியில, கண்ணாடி நடுவுல, அவசரம் மேல." பிரித்ததும் முதலில் தேவைப்படும் அந்த அவசரச் சாமான்தான் மேலே இருந்து மற்ற எல்லாவற்றையும் அசையாமல் அழுத்திப் பிடிக்கவேண்டும். அதற்குமேல் ஒரு விரல் இடம் மிச்சமிருந்தாலும் காகிதத்தைக் கசக்கித் திணிப்பார். "இடம் விட்டா உடையும்" என்பார். பிறகு தூக்கிக் காதில் வைத்து ஒரு குலுக்கு. சின்னச் சத்தம் கேட்டாலும் முழுக்கப் பிரித்து முதலிலிருந்து தொடங்குவார். பெரிய பெட்டியைத் தூக்க முடியாதபோது இரண்டு பேரை விட்டு ஆட்டச் சொல்லி, இவர் குனிந்து காதை வைப்பார். முப்பத்தொரு வருடத்தில் அவர் கட்டிய சாமான் ஒன்றுகூட உடையவில்லை. ஒன்றுகூடத் திரும்பியும் வரவில்லை.

அந்தக் காலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நேரம் போவது தெரியாது. முடிதிருத்தும் கடைக்குப் போன ஆளுயரக் கண்ணாடிகள் ஏழு, பல் டாக்டரின் நாற்காலி, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போன எலும்புக்கூடு என்று அவர் கண்முன்னே வரிசையாக லாரி ஏறும். எலும்புக்கூட்டின் விலா எலும்புகளுக்கு நடுவே வைக்கோல் திணித்தபோது, பாவம், கூச்சமாக இருக்கும் என்று நினைத்தாராம். இத்தனை கட்டியவருக்கு ஒரே ஒரு குறை. தான் கட்டியதை வாங்கியவர்கள் பிரிக்கும்போது ஒருதடவைகூடப் பார்த்ததில்லை. "கட்டுறது நம்ம வேலை, பிரிக்கிறது அந்தப் பக்கத்து ஆள் வேலை" என்று வாய் சொல்லும். முகம் மட்டும், எந்த ஊரிலோ ஒருவர் வைக்கோலை விலக்கி அந்தக் கண்ணாடியில் முதன்முதலாகத் தன்னைப் பார்த்துக்கொண்டதை எட்டிப் பார்ப்பது போல இருக்கும்.

அந்தக் கைவரிசையை வீட்டில் காட்டப்போய் அவர் பட்ட அவமானத்தை மனைவி இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மகள் பிறக்கவிருந்த நேரம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டிய பையைத் தானே கட்டுவதாக இவர் முன்வந்தார். கர்ப்பிணி மனைவி, பாவம், மகிழ்ந்துபோனார். இவர் துணிகளை அடுக்கி, பையின் வாயை மடித்துக் கோணி ஊசியால் தைத்து, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சணல் போட்டு, தன் முடிச்சால் முடிந்தார். பழக்க தோஷத்தில் அட்டை ஒன்றைக் கட்டி, 'பெறுநர்: பிரசவ வார்டு. உடையும் பொருள், கவனம்' என்று கொட்டை எழுத்தில் எழுதியும் விட்டார். அதைக் கொண்டுபோய் வார்டில் சேர்த்துவிட்டு, மத்தியான லாரிக்கு நேரமாயிற்று என்று வேலைக்குப் போய்விட்டார்.

குழந்தை பிறந்துவிட்டது. சுற்றத் துணி வேண்டும். வார்டு ஆயா முடிச்சை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார். நர்ஸ் ஒருவர் கத்தரிக்கோலை நுழைக்கப் பார்த்தார், நுனி வளைந்ததுதான் மிச்சம். கடைசியில் ஆயா தன் சாப்பாட்டுக் கூடையை மூடி வைத்திருந்த கட்டம் போட்ட துண்டை உதறி, அதில்தான் குழந்தையைச் சுற்றிக் கொடுத்தார். சாயங்காலம் இவர் ஓடிவந்து பார்த்தபோது மகள் நீலக் கட்டத் துண்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். பை கட்டிய மேனிக்கு மூலையில் இருந்தது. அடுத்த நாளே ஆயாவுக்குப் புதுத்துண்டு ஒன்றை வாங்கிக்கொடுத்து அந்தப் பழைய துண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். துவைத்துத் துவைத்து அது இப்போது வெங்காயத் தோல் மாதிரி மெல்லிசாகிவிட்டது. "இவர் கட்டினா, புள்ள காலேஜுக்குப் போனப்புறந்தான் பிரிக்கலாம்" என்று மனைவி கேலி செய்வார். மகள் காலேஜுக்குப் போன அன்று, "இன்னிக்குப் பிரிச்சிடலாமா?" என்று கேட்டதும் உண்டு.

இரண்டரை வருடத்துக்கு முன்னால் அந்த மகள் முதல்தடவை உண்டானாள். மாடியிலேயே குடியிருக்கிறாள், கணவர் ஒரு கம்பெனியின் ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். ஏழாம் மாதமே சிப்பம் அண்ணன் ஒரு நீலக் கித்தான் பையை வாங்கிக் கட்டிவிட்டார். இந்தத் தடவை வாயைத் தைக்கவில்லை, அட்டை கட்டவில்லை. மனைவிக்குப் பயந்து சணல் மட்டும் ஒரே சுற்று. மேலே, எல்லாவற்றையும் அழுத்திப் பிடித்தபடி, அந்தக் கட்டத் துண்டு.

எட்டாம் மாதம் ஒருநாள் அவசரமாகப் போகவேண்டி வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். யாரும் வந்து அதைக் கேட்கவில்லை. குழந்தை தங்கவில்லை. மூன்றாம் நாள் மகளை வீட்டுக்கு அழைத்துவந்தார்கள். பின்னால் அவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார், போட்ட முடிச்சு போட்டபடி.

பார்சல் ஆபீசில் திரும்பி வரும் சரக்குக்குத் தனியாக ஒரு பலகை உண்டு, அதில் அவருடைய சிப்பம் ஒருநாளும் ஏறியதில்லை. இது ஏறியது. வீட்டில் பலகை ஏது? பரணில் ஏற்றினார். அதைப் பிரிக்கத் தன்னால் ஆகாது என்று மனைவி சொல்லிவிட்டார். முடிச்சைச் சொன்னாரா, மனசைச் சொன்னாரா என்று இவரும் கேட்கவில்லை. இவரும் பிரிக்கவில்லை. இரண்டு வருடம் அந்தப் பரணை யாரும் துடைக்கக்கூட இல்லை.

போன வருடக் கடைசியில் மகள் மறுபடி உண்டானாள். சேதி சொன்ன கையோடு அப்பாவிடம் ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டாள். "வலி எடுக்கிற வரைக்கும் வீட்ல எதையும் பையில போடக்கூடாது. சத்தியமா சொல்லுங்கப்பா." அவர் சொன்னார். பை கட்டுவதுதான் அவர் செய்யத் தெரிந்து வைத்திருந்த ஒரே உதவி. அதை வேண்டாமென்று சொல்கிறாள் என்பது அவருக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவள் பயம் அவருக்கும் இருந்தது. பையைக் கட்டியதால்தான் போயிற்றோ என்று நினைப்பது முட்டாள்தனம் என்று தெரிந்தும், ராத்திரி புரண்டு படுக்கும்போதெல்லாம் அவரும் அதைத்தான் நினைத்தார்.

ஆனாலும் கை சும்மா இருக்குமா? பையில் போடக்கூடாது என்றுதானே சொன்னாள், வீட்டில் சாமான் இருக்கக்கூடாது என்று சொல்லவில்லையே. எட்டாம் மாதத்திலிருந்து வீட்டில் பொருள்கள் மெல்ல இடம் மாறத் தொடங்கின. ஃப்ளாஸ்க் சமையலறை வாசலுக்கு வந்தது. தட்டும் டம்ளரும் ஸ்பூனும் அதன் பக்கத்தில். முன்பக்கம் பொத்தான் வைத்து அம்மா தைத்த நைட்டிகள் மூன்றும் நாற்காலி முதுகில் மடித்துக் கிடந்தன. சோப்பு டப்பா ஜன்னல் விளிம்பில், டாக்டர் சீட்டுகள் போட்ட உறை கடிகாரத்துக்குப் பின்னால், துவைத்த வெள்ளைத் துணிகள் மெஷின் மேசையில். எல்லாம் அந்தந்த இடத்தில் சும்மா இருப்பது போலத்தான் இருக்கும். சமையலறையில் தொடங்கி வாசல்வரை ஒரு நடை நடந்தால் கனம், கண்ணாடி, அவசரம் என்ற வரிசையில் கைக்கு வரும்.

தினமும் வெறுங்கையோடு அந்த நடையை நடந்து பழகினார். நாலு நிமிடம் பிடித்தது. ஃப்ளாஸ்க்கை ஒரு முழம் தள்ளி வைத்ததில் மூன்றரையாகக் குறைந்தது. "புள்ள பெறப்போறது அவளா, இவரா? குட்டி போட எடம் தேடுற பூனை மாதிரி சுத்தி சுத்தி வராரு" என்றார் மனைவி. ஒருநாள் துணி வாங்கிப்போகக் கீழே வந்த மகள் ஜன்னலில் இருந்த சோப்பு டப்பாவைக் கையில் எடுத்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்தாள். ஃப்ளாஸ்க், நாற்காலி, கடிகாரம். டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு மாடியேறினாள். அவர் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்திருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்ததாக மனைவி இன்றைக்கும் சாதிக்கிறார்.

வலி எடுத்த அன்றும் காலையில் அவர் பொத்தான் டப்பாவைத்தான் குலுக்கிக்கொண்டிருந்தார். மாடிப்படியில் மகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று, "அப்பா, இப்ப கட்டலாம்" என்றாள்.

டப்பாவைப் போட்டுவிட்டு எழுந்தார். ஃப்ளாஸ்க், தட்டு, டம்ளர், ஸ்பூன், நைட்டி, சோப்பு, உறை, துணி. ஒரு தடுமாற்றம் இல்லை. கை நிறைய வாரிக்கொண்டு வந்து கட்டிலில் வரிசையாக வைத்தார். மூன்றரை நிமிடத்தைவிடக் குறைவாகத்தான் ஆகியிருக்கும். பிறகு பையை எடுக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது.

பை இல்லை. எதற்குள் வைப்பது என்பதை மட்டும் மறந்துவிட்டார். பார்சல் ஆபீசில் பெட்டியும் சாக்கும் அனுப்புகிறவர்கள் கொண்டுவருவார்கள்; இவருக்கு உள்ளே வைப்பதும் கட்டுவதும்தான் வேலை. முப்பத்தொரு வருடத்துப் பழக்கம் அன்றைக்குப் பார்த்துக் காலை வாரிவிட்டது. மனைவி ஓடிப்போய்த் வெட்டுத் துணிகள் போடும் பை ஒன்றை எடுத்துவந்தார், உள்ளே குண்டூசியும் நூலும். மருமகன் வேனிலிருந்து தன் சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்து, "இது போதுமா மாமா?" என்று நீட்டினார். அதில் தட்டுகூட நுழையாது. சிப்பம் அண்ணன் நடுக்கூடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்த மகள் மேலே பார்த்தாள்.

"பரண்ல இருக்கே ஒண்ணு. அதை எடுங்கப்பா."

அவள் இன்னொரு தடவை சொல்லவேண்டியிருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி அப்பாவே அதை இறக்கினார். தூசு ஒரு விரல் கனத்துக்கு இருந்தது. மனைவி தன் பெரிய கத்தரிக்கோலோடு வந்தார். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முடிச்சைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினார், உள்ளே மடிந்திருந்த நுனியைக் கண்டுபிடித்தார், இழுத்தார். ஒரே இழுப்பு. சணல் முழுக்கக் கழன்று கையோடு வந்துவிட்டது.

"இவ்வளவுதானா?" என்றார் மனைவி.

"இவ்வளவுதான்."

இரண்டு வருடமாக எந்த நிமிடமும் பிரித்திருக்கலாம் என்று அப்போதுதான் அந்த அம்மாளுக்குப் புரிந்தது. கத்தரிக்கோலை மேசையில் வைத்துவிட்டு, வந்த அழுகையை முந்தானைக்குள் அடக்கிக்கொண்டார்.

பையின் வாயில் கட்டத் துண்டு மடிப்புக் கலையாமல் இருந்தது. ரெண்டு வருஷம் அடைச்சுக் கிடந்த துணியைப் பச்சைப்புள்ள மேல போடுவதா என்று மனைவி அதை உருவி ஓரமாக வைக்கப்போனார். மகள் கையை நீட்டித் தடுத்தாள். "என்னைய சோத்துக்கூடைத் துண்டுல தானேம்மா சுத்துனீங்க. நான் நல்லாத்தானே இருக்கேன்?" வலிக்கு நடுவே அவள் சிரித்தாள். அந்த வீட்டில் அந்தக் கதைக்கு யாராவது சிரித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடைசியில் ஒரு சமரசம் உண்டாயிற்று. குழந்தையின் உடம்பில் படுவது புதுத்துணி, அதன்மேல் சுற்றுவது துண்டு. மனைவி வாசலுக்குப் போய்த் துண்டை நாலு உதறு உதறி வெயிலில் காட்டிக் கொண்டுவந்தார். அதற்குள் அவர் பழையதை எல்லாம் எடுத்துவிட்டுப் புதியதை அடுக்கி முடித்திருந்தார். ஒரு புதுத்துணியை உள்ளே வைத்து மடித்த துண்டை, எல்லாவற்றுக்கும் மேலே அழுத்தி வைத்தார். தூக்கிக் காதருகே ஒரு குலுக்கு. சத்தமில்லை.

அவர் கை தானாகச் சணலை எடுத்து விரலில் சுற்றியது. மனைவி பார்த்தார், மருமகன் பார்த்தார், மகளும் பார்த்தாள். அவர் சணலைச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, திறந்த பையை இரண்டு கையாலும் அணைத்தபடி வேனில் ஏறினார்.

அதே ஆஸ்பத்திரி, அதே தாழ்வாரம். போன தடவை உட்கார்ந்த நாற்காலியை விட்டு நாலு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். பையை மடியில் வைத்து வாயைத் திறந்தே பிடித்திருந்தார். கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்தார். வேறு யாரையோ கூப்பிட்டார்கள். மருமகன் நடந்துகொண்டே இருந்தார். மனைவி ஒரு தடவை, "குடுங்க, நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்" என்று கேட்டார். அவர் கொடுக்கவில்லை. இந்தப் பையும் திரும்பி வந்துவிட்டால் அதைப் பரணில் ஏற்றத் தனக்குத் தெம்பில்லை என்பது அவருக்குத் தெரியும். அதை மனைவியிடம் எப்படிச் சொல்வது?

மத்தியானம் இரண்டு மணிக்கு மறுபடி கதவு திறந்தது. நர்ஸ் ஒருவர் எட்டிப் பார்த்து, நாலாம் நம்பர் பெட்டுக்காரர்கள் யார் என்று கேட்டார். மூன்று பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள்.

"பொண்ணு. அம்மாவும் புள்ளையும் நல்லா இருக்காங்க. சுத்தத் துணி குடுங்க."

அவர் பையை அப்படியே இரண்டு கையாலும் தூக்கி நீட்டினார். நர்ஸின் கை உள்ளே போயிற்று. மேலே இருந்த துண்டை எடுத்தது. தான் கட்டிய ஒன்றை அந்தப் பக்கத்து ஆள் பிரிப்பதை அவர் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தார்.

மனைவி நர்ஸின் பின்னாலேயே உள்ளே போய்விட்டார். மருமகன் போனில் யாருக்கோ சேதி சொல்லிக்கொண்டே அழுதார். சிப்பம் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பைக்குள் பார்த்தார். துண்டு இருந்த இடம் வெற்றிடமாக இருந்தது. பக்கத்து நாற்காலியில் யாரோ விட்டுப்போன பேப்பர் கிடந்தது. வலது கை அதை நோக்கிப் போய், தொட்டு, கசக்காமல் திரும்பிவந்தது.

பையைத் தூக்கிக் காதருகே வைத்து ஒரு குலுக்கு குலுக்கினார். உள்ளே சோப்பு டப்பாவும் ஸ்பூனும் தட்டில் மோதிக் கடகடவென்று சத்தம் போட்டன. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை குலுக்கினார்.